பழைய மோட்டார்ஹோமைச் சீரமைக்கிறீர்களா? கூரையில் தொடங்குங்கள்

பழைய மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறையோடு வீடாக அமைத்த வண்டி) வாங்கியவர்கள் முதலில் கைவைப்பது பெரும்பாலும் மெத்தையிலும் திரைச்சீலையிலும்தான். கண்ணை உறுத்துவது அவைதான் என்பதால் அதில் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் வேலை வரிசையில் அவை கடைசி. முதல் வேலை தண்ணீர். மழைத்தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது, வந்த தண்ணீர் எதையெல்லாம் கெடுத்திருக்கிறது என்று கண்டுபிடித்து நிறுத்தும்வரை வேறு எதற்கும் பணம் செலவழிக்காதீர்கள். எஞ்சினில் பழுது என்றால் பாகத்தை மாற்றி ஓட்டிவிடலாம். சுவருக்குள் இருக்கும் மரச்சட்டம் இற்றுப்போனால் வண்டியையே பிரித்துக் கட்ட வேண்டிவரும்.

அந்தக் காலத்து மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவற்றின் சுவர் ஒரே மாதிரிதான். மரத்தில் சட்டம், வெளியே அலுமினியத் தகடு அல்லது ஃபைபர்கிளாஸ், உள்ளே மெல்லிய பிளைவுட், நடுவில் தெர்மாகோல் அல்லது கண்ணாடிப் பஞ்சு. தகடும் தகடும் சேரும் இடத்தில், ஜன்னலைச் சுற்றி, கூரை ஓரத்தில் எல்லாம் சீலன்ட் என்ற அடைப்புப் பசை வைத்து அடைத்திருப்பார்கள். வெயிலும் சாலை அதிர்வும் சேர்ந்து சில ஆண்டுகளில் அதைக் காயவைத்து வெடிக்கவைத்துவிடும். தலைமுடி அளவு பிளவு போதும், தண்ணீர் உள்ளே போக.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது

கதவைத் திறந்ததும் மூக்கை நம்புங்கள். பூசணம் பிடித்த அலமாரி வாடை வந்தால் எங்கோ ஈரம் இருக்கிறது. வண்டி பூராவும் வாசனைத் தெளிப்பான் அடித்து வைத்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

அடுத்தது ஈரமானி. இரண்டு முனை கொண்ட சின்னக் கருவி, மரத்தில் குத்தினால் ஈரத்தைச் சதவீதத்தில் காட்டும். 15-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 15 முதல் 20 வரை சந்தேகம். 20-ஐத் தாண்டினால் தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 30-க்கு மேல் போனால் மரம் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். எந்த எண்ணையும் தனியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே சுவரில் ஜன்னலுக்குத் தள்ளி ஓர் இடத்தில் குத்தி, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கெல்லாம் குத்துவது? டிரைவர் கேபினுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் படுக்கையின் முன் மூலைகள், எல்லா ஜன்னல்களின் கீழ் மூலைகள், கூரை ஜன்னலைச் சுற்றி, பின்பக்க விளக்குகளுக்கு உள்பக்கம், குளியலறைத் தரை, படுக்கைக்கு அடியில் உள்ள பெட்டிகளின் ஓரங்கள். மெத்தையைத் தூக்கி, பெட்டியைத் திறந்து, தலையை உள்ளே விட்டுப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் செய்து பாருங்கள். மூலையில் சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மேலே ஒட்டியிருக்கும் வினைல் தாள் புதுசு போலப் பளபளக்கும், ஆனால் விரல் உள்ளே அமுங்கும். பின்னால் இருக்கும் பிளைவுட் நனைந்த பிஸ்கட் மாதிரி ஆகிவிட்டது என்று அர்த்தம். தரையில் வெறும் காலோடு நடக்கும்போது ‘கிர்க் கிர்க்’ என்று சத்தம் வந்து தரை துள்ளினால், தரைப் பலகைக்கு நடுவில் உள்ள ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. ஃபைபர்கிளாஸ் சுவரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கொப்புளம் மாதிரி உப்பல் தெரிந்தால் தகடும் பலகையும் பிரிந்துவிட்டன. இந்தப் பழுது புதியவர்களுக்கு வேண்டாம்.

வண்டியின் அடிப்பாகம் எந்த நிறுவனத்தின் வேன் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபியட் டுக்காட்டோ, ஃபோர்டு டிரான்சிட் போல நிறைய விற்ற வேன் என்றால் எஞ்சின், பிரேக் பாகங்கள் கிடைப்பது எளிது. 1981-இல் வந்த முதல் டுக்காட்டோவும் சிட்ரோயன் சி25, பெஷோ ஜே5 வண்டிகளும் அடிப்படையில் ஒரே வேன்தான். ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தும். கிடைக்காமல் தவிக்கவைப்பவை வீட்டுப் பகுதியின் பொருட்கள்: ஜன்னல் கண்ணாடி, கதவுப் பூட்டு, ஓரப்பட்டி. ஜன்னல் உடைந்த வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்றால், அந்த ஜன்னல் எங்கே கிடைக்கும் என்று தேடிவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது

உள்ளே கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் சட்டத்தின் வழியே ஓடி, இரண்டு மூன்று அடி தள்ளிக்கூட இறங்கும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும். இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடித்து, சுவரின் அடியிலிருந்து மெதுவாக மேலே ஏறி வரட்டும். ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடமாவது தண்ணீர் விட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் ஓடிவரும் தண்ணீர் எல்லா இணைப்பையும் நனைத்துவிடும், எது ஒழுகியது என்றே தெரியாது. அழுத்தத்தோடு பீய்ச்சும் கருவி வேண்டவே வேண்டாம். நல்ல சீலன்டையும் அது பிய்த்துவிடும்.

கூரைமேல் ஏறும்போது ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு அதன்மேல் முட்டி போடுங்கள். பழைய கூரை ஓர் ஆளின் எடையை ஒரே புள்ளியில் தாங்காது. அங்கே ஏறிவிட்டால், பழைய ஏரியல், எப்போதோ கழற்றிய கேரியர், யாரோ அடித்துவிட்டுப் போன ஸ்க்ரூ என்று ஓட்டைகளின் வரலாறே தெரியும். ஒவ்வொன்றையும் சாக்குக்கட்டியால் வட்டமிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஜன்னலை எடுத்து மறுபடி வைப்பது

மேலாகக் கொஞ்சம் சீலன்டைப் பூசிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு மழைக்காலம் தாங்கும். சரியான வழி, பொருத்தியதைக் கழற்றி, சுத்தம் செய்து, புதிதாக அடைத்து வைப்பது. பயப்படாதீர்கள், ஓர் ஆள் துணையிருந்தால் அரை நாள் வேலை. கூரைக்குப் போகும் முன் பக்கவாட்டு ஜன்னல் ஒன்றில் கை பழகிக்கொள்ளுங்கள். சட்டம் போட்ட ஜன்னல் என்றால் வேலை இப்படிப் போகும்:

1. உள்பக்கச் சட்டத்தின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். எல்லாவற்றையும் எடுக்கும் முன் வெளியே ஒருவர் ஜன்னலைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும்.

2. ஓரத்தில் பிளாஸ்டிக் சுரண்டியை விட்டு, பழைய பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, ஜன்னலை வெளிப்பக்கமாக எடுங்கள். இரும்புச் சுரண்டி அலுமினியத் தகட்டைக் கோணலாக்கிவிடும். தகடு ஒருமுறை நெளிந்தால் அங்கே சீலன்ட் சரியாக உட்காராது.

3. ஓட்டையைச் சுற்றியுள்ள மரத்தைக் குத்தூசியால் குத்திப் பாருங்கள். உறுதியாக எதிர்த்தால் சரி. ஊசி வெண்ணெயில் போவது போலப் போனால் வேலையை இங்கேயே நிறுத்திவிட்டு, மரத்தைச் சரிசெய்த பிறகுதான் அடுத்த படி.

4. பழைய பசை முழுதும் போக வேண்டும். மிச்சத்தை மினரல் டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்து, கடைசியாக ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் ஒரு துடைப்பு. இந்த இரண்டும் அக்ரிலிக் ஜன்னல் கண்ணாடியில் படக் கூடாது, மயிரிழை வெடிப்பு விழுந்துவிடும். அக்ரிலிக்கைச் சுத்தம் செய்ய மென்மையான சோப்பு நீர் போதும்.

5. ஜன்னல் சட்டத்தின் உள்விளிம்பு முழுக்க பியூட்டைல் டேப்பை (பிசுபிசுப்பான ரப்பர் அடைப்பு நாடா) ஒட்டுங்கள். டேப்பின் இரு முனைகளும் சேரும் இடம் ஜன்னலின் கீழ்ப்பக்கத்தில் வரட்டும். இழுத்து ஒட்டாதீர்கள், மெலிந்துவிடும்.

6. ஜன்னலை வைத்து, ஸ்க்ரூக்களை எதிரெதிராக மாற்றி மாற்றி, பல சுற்றில் இறுக்குங்கள். ஒரே மூச்சில் ஒரு பக்கத்தை முடுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். டேப் சுற்றிலும் ஒரே அளவு வெளியே பிதுங்க வேண்டும். ஒரு நாள் கழித்து மறுபடி இறுக்குங்கள், ஏனென்றால் பியூட்டைல் மெல்ல அமுங்கும். பிதுங்கியதைப் பிளாஸ்டிக் கத்தியால் வெட்டி எடுத்துவிடலாம்.

சிலிக்கோனைப் பற்றி ஒரு வார்த்தை. குளியலறை மூலைக்குச் சரி, வண்டியின் வெளிப்புறத்துக்கு வேண்டாம். ஒருமுறை போட்டுவிட்டால் அதன்மேல் பெயின்டும் ஒட்டாது, வேறு சீலன்டும் ஒட்டாது, புது சிலிக்கோனே சரியாக ஒட்டாது. முந்தைய உரிமையாளர் போட்டிருந்தால் சுரண்டிச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், அலுப்பான வேலை. பாலியூரித்தேன் சீலன்ட் நேர் எதிர். பிடித்தால் விடாது. அதனால் பின்னால் கழற்ற வேண்டிவரும் எதற்கும் அதைப் பயன்படுத்தாதீர்கள். கூரையில் இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் விரித்திருந்தால், அதற்கென்றே விற்கும், தானாகப் பரவிச் சமமாகும் சீலன்டை வாங்குங்கள். அந்த ரப்பரைப் பெட்ரோலிய எண்ணெய் கலந்த எதனாலும் துடைக்கக் கூடாது, உப்பிவிடும்.

இற்றுப்போன மரம்

ஒழுகல் நின்ற பிறகு உள்ளே பிரியுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் எண் எழுதி, படம் எடுத்து, ஸ்க்ரூக்களைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். முகத்தில் மாஸ்க் கட்டாயம், பூசணத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

ஈரமான பஞ்சையும் தெர்மாகோலையும் எடுத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் கருவியை ஓடவிடுங்கள். நாள் கணக்கில் இல்லை, வாரக் கணக்கில் ஆகும். ஈரமானி 15-க்குக் கீழே வரும்வரை மூடக் கூடாது. அவசரப்பட்டு ஈரத்தின்மேல் புதுப் பலகை அடித்தால் பூசணத்துக்கு வீடு கட்டிக்கொடுத்த மாதிரிதான்.

கெட்ட மரத்தைக் கண்ணுக்குத் தெரியும் அளவோடு வெட்டி நிறுத்தாதீர்கள். நல்ல மரத்துக்குள்ளும் ஒரு சாண் தள்ளி வெட்டுங்கள். புது ரீப்பர் கட்டையும் பழைய சட்டமும் சேரும் முனைகளில் பாதித் தடிமனைச் செதுக்கி, ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து, நீர் தாங்கும் பசையும் ஸ்க்ரூவும் போடுங்கள். கனமான மரம் வேண்டாம். பழைய கட்டை என்ன அளவோ அதே அளவில் லேசான, காய்ந்த மரம் போதும். ஒரே நேரத்தில் எல்லாச் சட்டத்தையும் கழற்றிவிடாதீர்கள். ஒரு மூலை முடித்து அடுத்த மூலை. இல்லையென்றால் கூரை தொய்ந்து, கதவு மூடாமல் போகும். இடைவெளியில் பஞ்சைத் திணிப்பதைவிட, தண்ணீர் உறிஞ்சாத கெட்டி நுரைப் பலகையை வெட்டி வைப்பது மேல்.

தரை துள்ளுகிறது, ஆனால் மரம் காய்ந்து உறுதியாக இருக்கிறது என்றால் பிரிக்காமலே சரிசெய்யலாம். மேல் பிளைவுட்டில் மட்டும், ஒரு கை அகலத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றித் துளையிட்டு, நீர்த்த எப்பாக்சிப் பசையை ஊசிக்குழலால் செலுத்துங்கள். துளைகளில் மரக்குச்சியை அடித்து, மேலே பலகை போட்டுக் கனத்தை ஏற்றி ஒரு நாள் விட்டால், ஒட்டு விட்டுப்போன தரை மறுபடி பிடித்துக்கொள்ளும். மரம் இற்றிருந்தால் இந்த வித்தை பலிக்காது, வெட்டித்தான் ஆக வேண்டும்.

டயர், பிரேக், எஞ்சின்

டயரின் பட்டன் தேயவே இல்லை என்று சந்தோஷப்படாதீர்கள். மோட்டார்ஹோம் டயர்கள் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடுகின்றன. பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்று எண்கள் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முன் செய்த டயர், அதில் வண்டியை வீட்டுக்குக்கூட ஓட்டி வராதீர்கள். ஆறேழு ஆண்டு தாண்டியிருந்தால் பக்கச்சுவர் வெடிப்பை உற்றுப் பாருங்கள், பத்தைத் தாண்டியதை மாற்றிவிடுங்கள். பின்னால் இரட்டை டயர் இருந்தால் உள்டயரையும் மறக்காதீர்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கி, நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போகலாம். எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் உடனே மாற்றுங்கள், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ரப்பர் பிரேக் ஹோஸ்களையும் அப்படியே புதிதாகப் போட்டுவிடுங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி அடைத்திருக்கலாம். எஞ்சின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டுக்கும் வயசுக் கணக்கு உண்டு. கிலோமீட்டர் குறைவு என்பது சமாதானம் ஆகாது.

அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும். பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் இருக்கலாம் என்பதால் டிரம்மில் உள்ள தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

கேஸ்

இதில் பாதி வேலை உங்களுடையது, பாதி தகுதி பெற்ற கேஸ் மெக்கானிக்குடையது. பழைய ஹோஸையும் ரெகுலேட்டரையும் மாற்றுங்கள். ஹோஸின் மேலே தயாரித்த தேதி அச்சாகியிருக்கும். சோப்பு நீரைக் குழைத்து எல்லா இணைப்பிலும் தடவுங்கள், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது விளையாட்டில்லை. புதுக் குழாய் இழுப்பது, அடுப்பு மாற்றுவது, அழுத்தச் சோதனை செய்வது எல்லாம் மெக்கானிக் கையில்.

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். தரையிலும் சிலிண்டர் பெட்டியின் அடியிலும் இருக்கும் ஓட்டைகள் அது வெளியேறத்தான். குளிர் வருகிறது, எலி வருகிறது என்று முந்தையவர் அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள். எலிக்குக் கம்பிவலை போதும். அடுப்பிலோ ஹீட்டரிலோ தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உருவாக வாய்ப்புண்டு, அதற்கு வாடையே கிடையாது. அலாரம் ஒன்று புதிதாக வாங்கி மாட்டுங்கள், பழையதன் சென்சார் காலாவதியாகியிருக்கும்.

ஃப்ரிட்ஜ் பெரும்பாலும் அம்மோனியாவால் குளிரூட்டும் வகை. கேஸ், 12 வோல்ட், வீட்டு மின்சாரம் மூன்றிலும் ஓடும், வண்டி சமமாக நின்றால்தான் ஒழுங்காகக் குளிரும். பின்னால் மஞ்சள் படிவும் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடையும் இருந்தால் குளிரூட்டும் பகுதியே ஓட்டை, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ‘குளிரவில்லை’ என்று மட்டும் இருந்தால், சமமான இடத்தில் நிறுத்தி, கேஸில் ஓர் இரவு முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள். புகைபோக்கியில் படிந்த கரியும் பர்னரில் சிலந்தி கட்டிய வலையும் போனாலே பல ஃப்ரிட்ஜ்கள் உயிர்த்தெழுந்துவிடும்.

மின்சாரம்

பழைய வண்டியின் ஒயரிங்கைத் திறந்தால் ஒவ்வொரு உரிமையாளரும் ஒரு நிறத்தில் ஒயர் இழுத்திருப்பார். எந்த ஒயர் எங்கே போகிறது என்று காகிதத்தில் வரைந்துகொண்டு, எங்கும் போகாததை எடுத்துவிடுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளை வெட்டி, ஒழுங்கான கிரிம்ப் (ஒயரை நெரித்துப் பிடிக்கும் உலோக இணைப்பு) போடுங்கள்.

ஃபியூஸ் காப்பாற்றுவது கருவியை அல்ல, ஒயரை. அதனால் ஃபியூஸின் ஆம்பியர் ஒயரின் தாங்குதிறனை மீறக் கூடாது, அதன் இடமும் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். 12 வோல்ட்டில் ஒயர் மெலிதாக இருந்தால் வழியிலேயே வோல்டேஜ் குறைந்துவிடும். பேட்டரியில் 12.6 இருக்கிறது, ஃப்ரிட்ஜில் அளந்தால் 11 வருகிறது என்றால், பேட்டரியை மாற்றாதீர்கள், ஒயரைத் தடிமனாக்குங்கள்.

லெட் ஆசிட் பேட்டரியைச் சில மணி நேரம் ஓய்வில் வைத்து மல்டிமீட்டரில் பாருங்கள். 12.7 என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். சார்ஜாகும்போது ஹைட்ரஜன் வரும், அது வெளியே போகக் குழாய் வேண்டும். லித்தியத்துக்கு மாறுகிறீர்கள் என்றால், பழைய சார்ஜரை அப்படியே இணைக்காதீர்கள். அதற்கேற்ற சார்ஜரும், எஞ்சினில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் சூடேறாமல் இருக்க, அதிலிருந்து வரும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் டி.சி.-டி.சி. சார்ஜரும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். உறைபனிக் குளிரில் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யவும் கூடாது. வெளியிலிருந்து வரும் உயர் மின்சாரப் பகுதியை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

தண்ணீர்க் குழாய்கள்

எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் பம்ப் அவ்வப்போது ‘டக்’ என்று ஓடி நின்றால் எங்கோ சொட்டுகிறது, அல்லது பம்ப்பின் வால்வு போய்விட்டது. சாம்பல் நிற பிளாஸ்டிக் குழாய் கண்ணில் பட்டால் அது பாலிபியூட்டிலீனாக இருக்கலாம். வட அமெரிக்காவில் 1978 முதல் 1995 வரை அதிகம் போட்டார்கள், இணைப்புகளில் வெடிக்கும் என்று பிறகு தெரிந்தது. மொத்தமாக பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் குழாய்க்கு மாறுவது நல்லது.

தொட்டியைச் சுத்தம் செய்ய, வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச் 100 லிட்டருக்கு 100 மில்லி போதும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு, எல்லாக் குழாயிலும் வாடை வரும்வரை ஓட்டி, ஓர் இரவு விட்டு, வாடை போகும்வரை அலசுங்கள். வெந்நீர் பாய்லருக்குள் பிளீச் போகலாமா என்பதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், சிலவற்றுக்கு ஆகாது. தண்ணீர் இல்லாமல் பாய்லரைப் போடவே கூடாது.

உள் அலங்காரமும் எடையும்

இப்போது மெத்தை, பெயின்ட், திரை எல்லாம் உங்கள் ரசனை. ஒரு கணக்கு மட்டும் வையுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் மொத்த எடை வரம்பு உண்டு, அது அதன் தகட்டிலேயே எழுதியிருக்கும். 100 லிட்டர் தண்ணீர் ஏற்றினால் 100 கிலோ. அதோடு பெரிய பேட்டரி, சோலார் பலகை, கல் பதித்த சமையல் மேடை என்று சேர்த்துக்கொண்டே போனால் ஆள் ஏறும் முன்பே வரம்பு முடிந்துவிடும். தொட்டியை நிரப்பி, பயணத்துக்கு எடுத்துப்போகும் அத்தனையையும் ஏற்றி, எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள். முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டையும் தனித்தனியாகவும் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் பின் அச்சுதான் முதலில் வரம்பைத் தாண்டும்.

முதல் இரவை வீட்டு வாசலிலேயே கழியுங்கள். ஃப்ரிட்ஜ், ஹீட்டர், பம்ப், விளக்கு எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டி, காலையில் பேட்டரி வோல்டேஜையும் தரையின் ஈரத்தையும் பாருங்கள். சாலையில் இறங்கினால், புது டயர் மாட்டிய பின் முதல் ஐம்பது, நூறு கிலோமீட்டரில் ஓரங்கட்டி, வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் கருவி) ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.